அன்புக்கரசி டீச்சரின் பேசாத வகுப்பு

சாந்தோமில் கடலுக்கும் பெரிய சாலைக்கும் நடுவே இருக்கும் அந்த உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில், அன்புக்கரசி டீச்சர் எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாசலில் வண்டியை நிறுத்தும்போதே காதில் விழுந்துவிடும். மாடியில் அறிவியல் நடந்தால் கீழே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஒளிச்சேர்க்கையைக் கற்றுக்கொள்வார்கள் என்று மற்ற ஆசிரியர்கள் கேலி செய்வதுண்டு. அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்தக் குரல் சும்மா வந்ததில்லை. மந்தைவெளியில் ஒரு சந்து முனையில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் இஸ்திரி வண்டி போட்டிருந்தார்கள். அடுக்குமாடி வீடுகளில் துணி இருக்கிறதா என்று கேட்க ஒவ்வொரு படியாக ஏறச் சோம்பல்பட்டு, கீழே நின்றபடியே மூன்றாம் மாடிக்குக் குரல் கொடுப்பாள் சின்னப் பெண் அன்புக்கரசி. அப்படிப் பழகிய தொண்டை. கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் அது பரிசு வாங்கிக் கொடுத்தது. வேலைக்கு நேர்முகத் தேர்வில், "கடைசி பெஞ்சுக்குக் கேக்குமாம்மா?" என்று கேட்ட தாளாளருக்கு அவள் பதில் சொன்னதில் பக்கத்து அறை எழுத்தர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாராம். இருபது வருஷத்துக்கு மேல் அதே பள்ளி, அதே குரல். அவள் சொல்வாள், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். அதுதான் பாடம்.

பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து வகுப்புக்கு ஒன்றாகப் பெரிய டிவி வாங்கிக் கொடுத்தபோது, அன்புக்கரசி தன் வகுப்பு டிவிக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டாள். தூசி படியக்கூடாதே என்றுதான். ஆனால் அந்த உறை கழற்றப்படவே இல்லை. "படம் காட்ட தியேட்டர் இருக்கு, நமக்கெதுக்கு?" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் தொண்டை கரகரக்கத் தொடங்கியது. மிளகுப்பால் குடித்தாள், சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டாள், வகுப்பில் மட்டும் சத்தத்தைக் குறைக்கவில்லை. ஒருநாள் ஏழாம் வகுப்பில் மின்சுற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "மின்கலத்தின் நேர்முனையிலிருந்து" என்று தொடங்கியவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. மிஸ் ஏதோ வேடிக்கை காட்டுகிறாள் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அடையாறில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கும் டாக்டர் ஜுவேரியா, மெல்லிய கேமரா குழாயை மூக்கு வழியாக விட்டு, எதிரே இருந்த திரையைக் காட்டினார். வெள்ளையாக இரண்டு பட்டைகள். பட்டைக்கு ஒன்றாக நடுவில் சின்ன முண்டு.

"வேலை செய்யறவங்க கையில காய்ப்பு காய்க்கும் பாருங்க, அதே மாதிரிதான் உங்க குரல்நாண்ல. டீச்சர்களுக்கு நிறைய வரும். முதல் ரெண்டு வாரம் ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுன்னு பேசறது அதைவிட மோசம், அதுவும் வேணாம். அப்புறம் பயிற்சி சொல்லித் தர்றேன். கிளாஸ்ல கத்திப் பேசறதை மட்டும் இந்த வருஷத்துக்கு மறந்துடுங்க."

அன்புக்கரசி கைப்பேசியில் தட்டிக் காட்டினாள்: "பேசாமல் எப்படிப் பாடம் நடத்துவது?"

"அது எனக்குத் தெரியாதும்மா," என்றார் டாக்டர். "பழைய மாதிரியே கத்தினா குரல் திரும்பாது. அது மட்டும் தெரியும்."

விடுப்பு எடுக்கலாம் என்றால், அந்த வருஷத் தொடக்கத்தில் கணவன் ரகுபதி கால் முறிந்து படுத்திருந்தபோதே எல்லாம் தீர்ந்துவிட்டது. மாற்று ஆசிரியர் கிடைக்கவில்லை. ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் ஒரே அறையில் அடைக்க வேண்டியதுதான் என்றார் தலைமையாசிரியை ஸ்ரீலக்ஷ்மி. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், கோபத்திலும் குரல் உயராதவர்.

"வாயைத் திறக்காம எப்டிம்மா பாடம் எடுக்கப் போறேள்? கொஞ்ச நாள் ஆத்துல இருந்து உடம்பைப் பாத்துக்கோங்கோ. நான் எப்டியாவது சமாளிச்சுண்டு போறேன்."

ஒரு பெஞ்சில் ஐந்து பேராகப் பிள்ளைகள் நெருங்கி உட்காரும் காட்சி அன்புக்கரசியின் கண்ணில் வந்தது. கையிலிருந்த சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினாள்: "ஒரு வாரம் பாருங்கள், மேடம்."

எழுதிவிட்டாளே தவிர என்ன செய்வது என்று தெரியவில்லை. ரகுபதி அடையாறு பணிமனையில் பஸ் மெக்கானிக். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், அவள் சோர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் கைப்பேசியை அவள் மடியில் போட்டான்.

"புது மாடல் பஸ்ஸு வந்து எறங்கனப்ப எனக்கு யாரு வந்து கிளாஸ் எடுத்தா? எவனோ ஒருத்தன் எங்கியோ குந்திகினு வீடியோ போட்டு வச்சிருந்தான். அத்தப் பாத்துதான் கத்துக்கினேன். பைசா கேக்கல. உன் பாடத்துக்கும் எவனாவது போட்டிருப்பான், தேடு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூஞ்சத் தூக்கிக்காத அன்பு. தேடு."

தேடினாள். மின்சுற்றைப் பற்றி அரைமணி நேர வீடியோ ஒன்று கிடைத்தது. படங்கள் அழகாக இருந்தன. மறுநாள் பூப்போட்ட உறையைக் கழற்றி, கைப்பேசியை டிவியோடு இணைத்துப் போட்டாள்.

படுதோல்வி. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு குரல் பாடப்புத்தகத்தை வாசித்துக்கொண்டே போனது. ஐந்து நிமிஷத்தில் பின் பெஞ்சுகளில் பேச்சு, பத்து நிமிஷத்தில் காகித ராக்கெட். பாரத் விட்ட ராக்கெட் பிரசாத்தின் காதில் குத்த, பிரசாத் அவன்மேல் பாய்ந்தான். அன்புக்கரசி டஸ்டரால் மேஜையைத் தட்டினாள். தட்டத் தட்ட இரைச்சல் கூடியது. கடைசியில் பக்கத்து வகுப்பிலிருந்து ஜான்சி டீச்சர் வந்து நின்று ஒரு பார்வை பார்த்த பிறகுதான் அடங்கினார்கள்.

ஆசிரியர் அறையில் அன்புக்கரசி சத்தமில்லாமல் அழுதாள். அழக்கூடச் சத்தம் இல்லையே என்று நினைத்தபோது அழுகை இன்னும் பெருகியது. ஜான்சி டீ கொண்டுவந்து வைத்தாள். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஜான்சிக்கு மழுப்பிப் பேசத் தெரியாது.

"நான் ஒண்ணு சொல்வேன், கோச்சுக்காத. இவ்ளோ நாளா உன் சத்தத்துக்குப் பயந்துதான் கம்முனு உக்காந்திருந்தாங்க. பாடம் புரிஞ்சுதா இல்லியான்னு நமக்கென்ன தெரியும்? என் கிளாஸும் அப்டித்தான், வச்சுக்கோயேன்."

அன்புக்கரசி டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள். மறுநாள் ஜான்சியிடம் முகம் கொடுக்கவும் இல்லை.

ஆனால் அன்றுதான் அது நடந்தது. வேறொரு வீடியோவைப் போட்டாள். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. ஒயரை ஆட்டிப் பார்த்தாள், பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. திரையில் ஒரு பேட்டரியும் பல்பும் மட்டும் மௌனமாக இருந்தன. கம்பிக்குள் நீலப் புள்ளிகள் ஓடத் தொடங்கின. மூன்றாம் பெஞ்சிலிருந்து பாரத், கிரிக்கெட் வர்ணனை மாதிரி குரலை மாற்றிக்கொண்டு ஆரம்பித்தான்.

"தோ பாருங்க, பேட்டரிலேர்ந்து கரெண்ட்டு கெளம்பிடுச்சு! போய்க்கினே கீது, போய்க்கினே கீது, யாராலயும் புடிக்க முடியல! பல்பாண்ட வந்துச்சு, பல்பு எரிஞ்சிச்சு! அவ்ளோதான், கரெண்ட்டு காலி!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அன்புக்கரசியின் கை டஸ்டரைத் தேடிப் போனது. அதற்குள் முன் பெஞ்சில் தூபா எழுந்து திரும்பி நின்றாள்.

"ஏய் லூசு, பல்புலயே காலியாயிட்டா இந்தப் பக்கம் எதுக்குடா இன்னொரு கம்பி?"

"அது... அது எக்ஸ்ட்ரா கம்பி."

"எக்ஸ்ட்ராவா? அதுலயும் புள்ளி ஓடுது பாரு."

அன்புக்கரசி டஸ்டரைத் தொடாமல் நின்றாள். போன வாரம் இதைத்தான் தொண்டை கிழியக் கிழியச் சொல்லியிருந்தாள். மின்னோட்டம் சுற்றி வரும், பல்பில் தீர்ந்துவிடாது என்று. வகுப்பு மொத்தமும் சேர்ந்து திருப்பிச் சொல்லியிருந்தது, பாரத்தும்தான். வாயால் சொன்னவன் மனசுக்குள் வேறொன்றை வைத்திருந்திருக்கிறான். அவள் பேசிக்கொண்டே இருந்த வரைக்கும் அது வெளியே வர வழி இருக்கவில்லை. ஜான்சி சொன்னதன்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் இறங்கியது.

படத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் எழுதினாள்: "பாரத் சொல்வது சரியா, தூபா சொல்வது சரியா? எப்படிக் கண்டுபிடிப்பது?"

மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. பிள்ளைகள் மாடிப்படியில் கத்திக்கொண்டே இறங்கினார்கள். கரெண்ட்டைப் பற்றித்தான் கத்தினார்கள்.

அன்றிலிருந்து அவள் தேடும் விதம் மாறியது. நன்றாகப் பாடம் சொல்பவர்களைத் தேடவில்லை, பிள்ளைகள் கை வைத்துப் பார்க்கக்கூடியதைத் தேடினாள். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இலவசமாகப் போட்டிருந்த தளம் ஒன்று அகப்பட்டது. திரையிலேயே கம்பி, பேட்டரி, பல்பு, சுவிட்ச் எல்லாம் கிடக்கும். விரலால் இழுத்துப் பொருத்தினால் பல்பு எரியும். தமிழிலும் இருந்தது. ரகுபதி பணிமனைக்குப் போனபின் அவனுடைய பழைய மடிக்கணினியில் அவளே உட்கார்ந்து விளையாடிப் பார்த்தாள். தப்பாகப் பொருத்தியபோது பேட்டரியில் நெருப்பு பற்றி எரிந்தது. அவள் பதறி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

மடிக்கணினியை வகுப்பு டிவியோடு இணைத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் முதல் நாள் முழுக்க நெருப்பு பற்ற வைத்துக்கொண்டே இருந்தார்கள். அவள் விட்டுவிட்டாள். இரண்டாம் நாள் நிஜ பேட்டரியும் பல்பும் கொடுத்தாள். திரையில் செய்ததைக் கையால் செய்தார்கள். பாரத் மறுபடி திரைக்குப் போய், பல்புக்கு முன்னால் ஓடும் புள்ளிகளையும் பின்னால் ஓடும் புள்ளிகளையும் விரல் விட்டு எண்ணினான்.

"தீரல மிஸ்," என்றான், ஏதோ தோற்றுப்போன மாதிரி. உடனே தலையை நிமிர்த்தினான். "ஆனா ஒண்ணு மிஸ். பேட்டரிலேர்ந்து புள்ளி கெளம்பி பல்பு வரைக்கும் வரணும்ல? லேட்டாவணும்ல? ஸ்விட்ச் போட்ட ஒடனே இன்னாத்துக்கு எரியுது?"

நல்ல கேள்வி. அன்புக்கரசி எழுதுவதற்குப் பலகையை எடுத்தாள். கடைசி பெஞ்சில் ஒரு கை பாதி உயர்ந்து நின்றது.

அது மேகலா. அவள் குடும்பம் ஆற்றோரக் குடிசையில் இருந்தது, அரசாங்கத்தில் அதை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே தூரத்தில் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படிப்பு பாதியில் கெடக்கூடாது என்று அம்மா அவளைப் பழைய பள்ளியிலேயே வைத்திருந்தாள். இரண்டு பஸ் மாறி வருகிற பெண், தினமும் முதல் பாடவேளை முடிகிற சமயத்தில்தான் உள்ளே நுழைவாள். அதற்காகத் திட்டு வாங்கி வாங்கி, பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

அன்புக்கரசி பலகையைக் கீழே வைத்துவிட்டு, சொல் என்று தலையசைத்தாள்.

"மிஸ், காலைல பஸ்ஸு ஃபுல்லா இருக்கும். கண்டக்டரு பின்னாடிலேர்ந்து 'முன்னால போ, முன்னால போ'ன்னு தள்ளுவாரு. அவரு பின்னாடி ஒருத்தரத் தள்னா முன்னாடி படிக்கட்டுல நிக்கறவரு ஒடனே கீழ எறங்கிடுவாரு. பின்னாடி ஏறனவரு நடந்து முன்னாடி வந்தாரா இன்னா? பஸ்ஸுதான் ஃபுல்லாச்சே. கம்பியும் அந்த மாதிரி முன்னாடியே ஃபுல்லா இருக்கும் மிஸ். அதான் எல்லாம் ஒண்ணா நவுருது."

பாரத் மெதுவாகச் சொன்னான்: "செம மச்சி."

அன்புக்கரசிக்குப் பேச வேண்டும் போல் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் மிகக் கஷ்டமான நிமிஷம் அதுதான். மேகலாவின் பெஞ்சுக்குப் போய் அவள் தோளில் கை வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து தாமதத்துக்காக அவளை யாரும் வாசலில் நிறுத்தவில்லை.

ஆனாலும் முதல் பாடவேளை அறிவியலாக இருக்கும் நாட்களில் மேகலாவுக்குப் பாடம் போய்விடுமே. அதற்குத் தூபா வழி சொன்னாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை ஓட விட்டு, பிள்ளைகளே பேசிப் பதிவு செய்தால் என்ன? இலவசச் செயலி ஒன்று கிடைத்தது. நான்கைந்து பேர் சேர்ந்து பேசுவார்கள். அன்புக்கரசி கேட்டுவிட்டு, தப்பான இடத்தை எழுதிக் காட்டுவாள். திருத்திப் பேசியதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். மேகலா தன் அம்மாவின் கைப்பேசியில் பஸ்ஸில் வரும்போதே கேட்டுவிடுவாள். வகுப்புக்குள் நுழையும்போது கேள்வியோடு வருவாள்.

இது எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. பாரத்தின் அப்பா கோபால் மீனவர், முன்பு கட்டுமரத்தில் போனவர். இப்போது ஃபைபர் படகு வைத்திருக்கிறார். ஒருநாள் கடலிலிருந்து வந்த கையோடு நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டார்.

"இன்னாம்மா நடக்குது இங்க? டீச்சரு வாயே தொறக்கறதில்லயாம், டிவியப் போட்டுட்டு குந்திகினு கீறாங்களாம். வூட்லயும் டிவி கீது. அத்தப் பாக்கறதுக்கா நான் புள்ளய இங்க அனுப்பறேன்?"

ஸ்ரீலக்ஷ்மி அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "டீச்சருக்குத் தொண்டை சரியில்லை, அதான் பேசறதில்லை. ஆனா பாடம் நடக்கறது. நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம். வாங்கோ, நாமளே போய்ப் பாத்துண்டு வரலாம்."

இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் பாரத்தின் முகம் வெளிறியது. யாரை முன்னால் அழைப்பது என்று அன்புக்கரசி ஒரு கணம் யோசித்தாள். பிறகு பாரத்தையே கை காட்டினாள்.

அவன் திரையில் மூன்று பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினான். "இது தொடர் சுற்று. மாதா கோயில் திருவிழாவுக்குப் போடுவாங்களே சீரியல் செட்டு, அந்த மாதிரி. ஒரு பல்ப எடுத்தா..." எடுத்தான். எல்லாம் அணைந்தன.

கோபாலால் சும்மா இருக்க முடியவில்லை. "டேய், அப்ப வூட்ல டியூப்லைட் அணைஞ்சி பூட்டா ஃபேன் மட்டும் எப்டிறா சுத்துது?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பாரத் திரையைப் பார்த்தான், அன்புக்கரசியைப் பார்த்தான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவன் பல்புகளைக் கழற்றினான், ஒரு கம்பியைத் தப்பான இடத்தில் வைத்தான். நெருப்பு பற்றியது. யாரோ சிரித்தார்கள். மறுபடி கழற்றினான். இந்தத் தடவை ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனி வழி போட்டான். ஒன்றை எடுத்தான். மற்ற இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

"ஆளுக்கு ஒரு ரோடு நைனா. ஒரு ரோட்ட மூடினாலும் இன்னொரு ரோட்ல வண்டி போவும்ல. வூட்ல ஒயரிங் இப்டித்தான்."

எழுந்து போகும்போது கோபால் அன்புக்கரசி முன் நின்றார். "தொண்டைக்கு இன்னா டீச்சர் ஆச்சு? என்னாண்ட யாரும் சொல்லலயே. நல்லா பாத்துக்க." வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி, "புள்ள நல்லா பேசறான்," என்றார்.

கோடை விடுமுறைக்கு முன்னால், வகுப்பில் கொஞ்சம் பேசலாம் என்றார் டாக்டர் ஜுவேரியா. குரல் திரும்பியிருந்தது, ஆனால் பழைய குரல் இல்லை. மெலிந்து, ஓரத்தில் லேசான கரகரப்போடு, வேறு யாரோ பேசுவது போல இருந்தது. வகுப்பில் முதலில் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்தபோது தூபாவும் பிரசாத்தும் நிழல் எப்போது நீளும் என்று உச்சக் குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அவள் மேஜையில் சாய்ந்து நின்று கேட்டாள். ஒரு இடத்தில் இருவரும் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அப்புறம்?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிறகு ஒரே கைத்தட்டல், ஜான்சி மறுபடி எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

ஆண்டுத் தேர்வில் அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. மேகலா நன்றாக எழுதியிருந்தாள். பிரசாத் வழக்கம்போல் தட்டுத்தடுமாறித்தான் தேறினான். பாரத் மின்சுற்றுக்கு மூன்று பக்கம் எழுதிவிட்டு மற்ற கேள்விகளுக்கு நேரமில்லாமல் விட்டிருந்தான். ஆனால் ஸ்ரீலக்ஷ்மி மற்ற வகுப்பு டிவிகளையும் துடைக்கச் சொன்னார். பிள்ளைகள் பேசிய பாடங்களை, பெற்றோரைக் கேட்டுக்கொண்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று இணையத்தில் ஏற்றினாள் அன்புக்கரசி. நந்தனத்திலிருந்து ஒரு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு எழுதினார், பிறகு திருநெல்வேலியிலிருந்து ஒருவர். "உங்கள் பிள்ளைகள் பேசும் மெட்ராஸ் தமிழ் எங்கள் பிள்ளைகளுக்குப் பாதி புரியவில்லை, ஆனால் நிறுத்தாமல் பார்க்கிறார்கள்" என்று அவர் எழுதியதை ஜான்சி ஆசிரியர் அறையில் உரக்க வாசித்துக் காட்டினாள். இப்போது ஜான்சியின் கணக்கு வகுப்பிலும் டிவி ஓடுகிறது, சத்தமில்லாமல்.

அன்புக்கரசி இப்போதும் பாடம் எடுக்கிறாள். ஒரு பாடவேளையில் அவள் பேசுவது கொஞ்ச நேரம்தான். மருந்து மாதிரி அளந்து பேசுகிறேன் என்பாள்.

சென்ற சனிக்கிழமை காலையில் அவள் கைப்பேசிக்குக் கோபால் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். நடுக்கடல். படகு ஆடுகிற ஆட்டத்தில் படமும் ஆடியது. இஞ்சின் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"டீச்சர், இஞ்சினுக்கு அடில தண்ணிக்குள்ள சுத்துதே ஃபேனு, அது ஸ்பீடா சுத்தும்போது அத்தச் சுத்தி முத்து முத்தா நொர கெளம்புது பாரு. தண்ணிக்குள்ள காத்து எங்கேர்ந்து வருது? பையனக் கேட்டா தெர்லன்றான்."

அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். காற்று எங்கிருந்து வருகிறது? அவளுக்கும் தெரியவில்லை. "எனக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் இந்தப் படத்தைப் போடுகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று பதில் அனுப்பிவிட்டு, மடிக்கணினியைத் திறந்து தேட உட்கார்ந்தாள்.